ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்: அந்த மதிப்பீட்டு அட்டவணையோடு நெடுநாள் பழகிய அனுபவம்

"மத்த மூணும் 7-க்கு மேல வந்துடுச்சு. ரைட்டிங் மட்டும் 6-லயே நிக்குது. எந்த கோர்ஸ் வாங்கலாம்?" என்று ஐஇஎல்டிஎஸ் எழுதிய நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு அது. லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 9 வரை மதிப்பெண், அதைப் பேண்ட் என்பார்கள். கூடவே தான் எழுதிய கட்டுரை ஒன்றையும் அனுப்பியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். கோர்ஸ் எதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. நான் மிக அதிக காலம் பயன்படுத்தியது காசில்லாமல் கிடைக்கும் ஒரு பிடிஎஃப்தான். தேர்வை நடத்துபவர்களே வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு அட்டவணை அது. பேண்ட் டிஸ்கிரிப்டர் என்பார்கள். தேர்வு முடிந்து, அந்த மதிப்பெண்ணுக்கான வேலையும் முடிந்த பிறகும், ஆங்கிலத்தில் நீளமான அறிக்கை எதையாவது எழுத உட்கார்ந்தால் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

ரைட்டிங்குக்கு 60 நிமிடம், இரண்டு டாஸ்க் (இரண்டாவதுதான் கட்டுரை), முதலாவதற்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்கு 250 என்பதெல்லாம் தேர்வுக்குப் பணம் கட்டியவருக்குத் தெரிந்ததுதான். டாஸ்க் 2-க்கு இரண்டு மடங்கு எடை என்பதும் தெரிந்திருக்கும், ஆனாலும் டாஸ்க் 1-இல் அரை மணி நேரத்தை விட்டுவிட்டு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அட்டவணையில் நான்கு பத்திகள் (மேலிருந்து கீழாகச் செல்லும் கட்டங்கள்) உண்டு, ஒவ்வொன்றும் ஒரு அளவுகோல். கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதில் சொன்னோமா, கருத்துகள் ஒழுங்காகக் கோத்து வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. 2023-இல் அதன் வாசகங்களைத் திருத்தி வெளியிட்டார்கள். பழைய பிரதி இன்னும் பல இடங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது, புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது இரண்டாவது பத்தி. கருத்துக் கோவை பற்றியது. அதில் மேலே, 9-ஆம் பேண்டுக்கு எதிரே, வாக்கியங்களை இணைக்கும் விதம் படிப்பவர் கண்ணில் அநேகமாகப் படவே கூடாது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. கீழே, 6-ஆம் பேண்டுக்கு எதிரே, இணைப்புகள் இயந்திரத்தனமாக இருக்கலாம், தவறாகவோ அளவுக்கு மீறியோ பயன்படுத்தியதால் அப்படி ஆகலாம் என்று இருக்கிறது. இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த அன்றைக்கு எனக்கு வந்தது மகிழ்ச்சியா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மகிழ்ச்சி, கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால். கோபம், அதற்கு முன்னால் எனக்குச் சொல்லித்தரப்பட்டது முழுக்க நேர் எதிராக இருந்ததால்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் முதல் நாளே ஒரு பட்டியல் கொடுத்தார்கள். 'ஃபர்ஸ்ட்லி', 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'தேர்ஃபோர்', 'ஆன் தி அதர் ஹேண்ட்'. ஒவ்வொரு வாக்கியமும் இவற்றில் ஒன்றோடு தொடங்கினால் 7 நிச்சயம் என்றார்கள். அப்புறம் காசு கட்டிக் கட்டுரைகளைத் திருத்தி வாங்கிய இடத்திலும் அதே கதை. கனெக்டர்கள், அதாவது இந்த மாதிரி இணைப்புச் சொற்கள், நிறைந்து வழிந்த ஒரு கட்டுரையின் ஓரத்தில் 'இன்னும் லிங்க்கிங் வேர்ட்ஸ் சேர்க்கவும்' என்று எழுதி அனுப்பினார்கள். அட்டவணை அந்தப் பழக்கத்தைத்தான் 6-இல் நிறுத்தி வைத்திருக்கிறது. பொதுவில் கிடக்கும் ஒரு தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் அதற்கே பயிற்சி தருகிறோம் என்று கட்டணம் வாங்குவதை என்னால் இன்றுவரை சகித்துக்கொள்ள முடியவில்லை.

நண்பர் அனுப்பிய கட்டுரைக்கு வருகிறேன். நகரப் பேருந்துகளை எல்லோருக்கும் இலவசமாக்கலாமா என்பது கேள்வி. அவருடைய கட்டுரையின் இரண்டாவது பத்தியின் சாரம் இது: ஃபர்ஸ்ட்லி, கட்டணம் இல்லாவிட்டால் போக்குவரத்து நெரிசல் குறையும். மோர்ஓவர், காற்று மாசும் குறையும். ஃபர்தர்மோர், வருமானம் குறைந்தவர்களுக்குப் பணம் மிச்சமாகும். தேர்ஃபோர், அரசு இதைச் செய்ய வேண்டும்.

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் நான்கு வாக்கியத்தில் நான்கு தனித்தனிக் கருத்துகள். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறது. நெரிசல் குறையும் என்றால் யார் காரை விட்டு இறங்கினார்கள்? ஏன் இறங்கினார்கள்? அந்தக் கேள்வி எழும் இடத்தில் 'மோர்ஓவர்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. கனெக்டர் செய்யும் கெடுதல் இதுதான். காரணம் சொல்ல வேண்டிய இடத்தை அது நிரப்பிவிடுவதால், எழுதுகிறவருக்கே அங்கே ஒன்றும் இல்லை என்பது தெரியாமல் போகிறது.

அதே பத்தியை நாங்கள் இருவரும் போனில் பேசிப் பேசி மாற்றினோம். கடைசியில் வந்த வடிவத்தின் பொருள் ஏறத்தாழ இப்படி:

கட்டணம் போனால் முதலில் பேருந்துக்கு மாறுகிறவர்களில், குறைந்த தூரம் போகிறவர்கள் கணிசமாக இருப்பார்கள். அவர்களில் பலர் இப்போது நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்கள், அதனால் சாலையில் கார் குறைந்துவிடாது. கார் வைத்திருப்பவரைத் தடுப்பது டிக்கெட் விலையைவிடக் காத்திருக்கும் நேரம். அந்த நேரம் குறைய வேண்டுமானால் கூடுதல் பேருந்துகள் வேண்டும். இலவசப் பயணம் விழுங்கப்போவது அவற்றுக்கான பணத்தை.

கவனியுங்கள், 'அவர்களில்', 'அந்த நேரம்', 'அவற்றுக்கான' என்று ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்திலும் 'திஸ்', 'சச்', 'தீஸ்' போன்ற சின்னச் சொற்களும், முன் வாக்கியத்தின் பெயர்ச்சொல்லை அடுத்ததன் தொடக்கத்தில் எடுத்துப் போடுவதும் அந்த வேலையைச் செய்கின்றன. அட்டவணையில் ரெஃபரன்ஸ், சப்ஸ்டிடியூஷன் என்று குறிப்பிடுவது இவற்றைத்தான். அந்தப் பத்தியில் வெளிப்படையான கனெக்டர் என்று பார்த்தால் ஒரே ஒரு 'அதனால்'. இலவசப் பேருந்தை ஆதரித்தவர் எதிர்ப்பவராக மாறிவிட்டாரே என்று கேட்கலாம். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதற்கு மதிப்பெண் இல்லை, நின்ற பக்கத்தில் கால் ஊன்றி நிற்கிறோமா என்பதற்குத்தான். காரணத்தைத் தேடிப் போனதில் அவருடைய கருத்தே மாறியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யோசிக்க வைத்த பத்தி அது.

சொல்வளப் பத்தியைப் பற்றி நீட்டப் போவதில்லை. அரிய சொல்லைத் தேடித் திணிப்பதைவிட, சரியான வினைச்சொல் சரியான பெயரோடு சேர்ந்து வந்தால் போதும். கேள்வியின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

இலக்கணப் பத்தியில் எனக்கு மிகவும் உதவியது 7-ஆம் பேண்டின் ஒரு குறிப்பு: பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். கவனிக்க வேண்டிய அலகு வாக்கியம் என்று அதில் புரிந்தது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போட்டு, முழுக்கச் சுத்தமானவற்றுக்கு மட்டும் ஒரு டிக் அடித்துப் பாருங்கள். தமிழ் வழியாக யோசிக்கிறவர்களுக்கு டிக் விழாமல் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, 'தி'யும் 'எ'யும். தமிழில் அந்த வேலைக்கு எப்போதும் ஒரு சொல் கட்டாயமில்லை என்பதால், வேகமாக எழுதும்போது கை அதைத் தாண்டிப் போய்விடும். இன்னொன்று, 'போய், பார்த்து, பேசிவிட்டு, திரும்பி' என்று எச்சங்களை அடுக்கிக் கடைசியில் ஒரு முற்று வைக்கும் நம் பழக்கம். தமிழில் அது அழகு. ஆங்கிலத்துக்கு அந்த மூச்சோடு போனால், முழு வாக்கியங்களையே கமா போட்டு ஒட்டிக்கொண்டு போகிறோம். அந்தக் கமாவைத் தேடிப் பிடித்து முற்றுப்புள்ளி ஆக்குவதே ஒரு வாரத்துக்குப் போதுமான பயிற்சி.

அகாடமிக் வகைத் தேர்வில், வரைபடம் போன்றவற்றை விவரிக்கும் டாஸ்க் 1-இல் அட்டவணை கேட்பது தெளிவான ஓவர்வியூ. 7-க்கு அது தெளிவாக இருக்க வேண்டும், 6-இல் முயன்றிருந்தால்கூடப் போதும். மூன்று கோடுகள் உள்ள வரைபடம் வந்தால் எல்லா எண்களையும் இடமிருந்து வலமாக ஒப்பிக்கத் தோன்றும். எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு கோடுகளை மட்டும் பாருங்கள். எது ஏறியது, எது இறங்கியது, எது எதைத் தாண்டியது. எண்ணே இல்லாமல் அதை இரண்டு வாக்கியமாக எழுதினால் அதுதான் ஓவர்வியூ. ஏன் ஏறியது என்று காரணம் சொல்லக் கிளம்ப வேண்டாம், படத்தில் இல்லாததை டாஸ்க் 1-இல் யாரும் கேட்கவில்லை.

சரி, இவ்வளவு நல்லதென்றால் குறையே இல்லையா? இருக்கிறது, சின்னதல்ல. இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு நம் கட்டுரைக்கு நாமே மதிப்பெண் போட முடியாது. 'தெளிவான', 'போதுமான', 'அடிக்கடி', 'சில சமயம்' என்று முழுக்க அளவில்லாத சொற்கள். எனக்குத் தெளிவாக இருப்பது தேர்வாளருக்கும் தெளிவாக இருக்குமா? எழுதியவருக்குத் தன் பத்தி எப்போதுமே தெளிவுதான், சொல்லாமல் விட்டதும் மனதில் இருக்கிறதே. இதே கட்டுரையை ஒரு நாள் படித்தால் 7 போலவும் மறுநாள் படித்தால் 6 போலவும் தெரியும். தேர்வு முடிவிலும் ரைட்டிங்குக்கு ஒரே ஒரு எண்தான் வரும். நான்கு பத்தியில் எதில் சறுக்கினோம் என்று பிரித்துத் தருவதில்லை, எழுதிய தாளும் திரும்பி வருவதில்லை. அத்தனை பேர் எழுதும் தேர்வில் அது நடைமுறைச் சிக்கல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி பெற்ற மனிதர்கள் உட்கார்ந்து படித்து மதிப்பிடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வெளிப்படையாகவும் வைத்திருக்கிறார்கள், அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு. ஆனாலும் படித்த முகமே தெரியாமல் ஒரு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பது மனதைத் தேய்த்துவிடும்.

திருத்தித் தரும் செயலிகளை நம்பலாமா என்றும் நண்பர் கேட்டார். பிழையைக் காட்டித் தருவதற்குச் சரி. முழுப் பத்தியையும் மாற்றி எழுதித் தந்தால் அதை மூடிவிடுங்கள். தேர்வு அறையில் அது வராது, எழுத்துப் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடுகூட அங்கே கிடையாது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு நண்பருக்கு நான் சொன்ன முடிவு அவருக்கே விநோதமாகத்தான் இருந்தது: அந்த அட்டவணையை இப்போதைக்குத் திறக்காதீர்கள். 6-இல் நிற்கிறவர் கையில் அது கிடைத்தால், கட்டுரை எழுதும் நேரத்தைவிட 6.5-ஆ 7-ஆ என்று கணக்குப் பார்க்கும் நேரம்தான் அதிகமாகும். கோர்ஸும் வேண்டாம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த, தேர்வைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு ஆளைப் பிடியுங்கள். அக்காவோ, கூட வேலை செய்பவரோ, யாராக இருந்தாலும் சரி. பத்தியை அவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் 'ஏன்?' என்று கேட்கத் தோன்றுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். இலக்கணம் திருத்த வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். கோடு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாக்கியம் சேர்த்து எழுதுங்கள். கோடு விழுவது அரிதாகும்வரை அட்டவணை அப்படியே கிடக்கட்டும்.

இன்னொன்று. ரைட்டிங் ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் நான்கையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. கணினியில் தேர்வு எழுதியவர்களுக்கு ஒரே ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதி பல இடங்களில் இருக்கிறது, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுதிவிட வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் அந்த முடிவை ஏற்கிறதா என்று முதலில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள், எல்லோரும் ஏற்பதில்லை. ஏற்கிறார்கள் என்றால் தேதியை 60 நாளின் கடைசிப் பகுதிக்குத் தள்ளிப் பதிவு செய்யுங்கள். பென்சில் கோடுகளுக்கு அந்த நாட்கள் தேவைப்படும்.