பழைய இயந்திரம் வாங்கி லாரியில் வரவழைப்பவர்கள் கவனத்திற்கு: 2,85,000 ரூபாய் போயிற்று

கோயம்புத்தூரிலிருந்து காரைக்குடிக்குப் பார்சல் லாரியில் வந்த என் மர இழைப்பு இயந்திரம், மேசை பிளந்த நிலையில் பட்டறை வாசலில் கிடக்கிறது. கொடுத்த தொகை 2,85,000 ரூபாய். தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். இயந்திரத்தை எப்படிக் கட்டச் சொல்ல வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

பழைய இயந்திரங்களை விற்கும் ஓர் இணையதளத்தில் அதைப் பார்த்தேன். கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்யும் வேலை சேர்ந்துவிட்டதால் அகலமான மேசை உள்ள இயந்திரம் அவசரமாகத் தேவைப்பட்டது. விற்பவர் வீடியோ அழைப்பில் இயந்திரத்தை ஓட்டி, ஒரு வேங்கைப் பலகையை இழைத்து, அதைக் கேமராவுக்கு அருகே கொண்டுவந்து விரலால் தடவிக் காட்டினார். "பேக்கிங் பத்திக் கவலையே வேண்டாங்ண்ணா, மரப் பேலட்ல போல்ட் போட்டு, நானே நின்னு ஏத்தி விடறேன்" என்று அவர் உறுதியாகச் சொன்ன பிறகுதான் முழுத் தொகையையும் அனுப்பினேன்.

வந்து இறங்கியதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பேலட், அதாவது அடியில் வைக்கும் மரச்சட்டம், இருந்தது, போல்ட் ஒன்றுகூட இல்லை. இயந்திரத்தின் காலில் போல்ட்டுக்கென்றே உள்ள நான்கு துளைகளிலும் பழைய கிரீஸும் மரத்தூளும் கெட்டியாக அடைத்திருந்தன. அவற்றில் யாரும் கைவைத்த அடையாளமே இல்லை. பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஒரே ஒரு நைலான் பெல்ட்டை மேசை விளிம்பின் மேல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தாள் தூசியைத் தடுக்குமே தவிர, முக்கால் டன் எடையைப் பிடித்து நிறுத்தாது. மேசையோ வார்ப்பிரும்பு, அது வளைந்து கொடுக்காது, அடிபட்டால் விரிசல் விடும். பெல்ட் அழுத்திய இடத்தில்தான் விரிசல் தொடங்கியிருக்கிறது. வெல்டிங் வைத்தாலும் அந்தச் சூட்டில் மேசையின் மட்டம் கெட்டுவிடும். மட்டம் கெட்ட மேசையில் ஒரு நிலைக்கட்டையைக்கூட நேராக இழைக்க முடியாது.

விற்றவரிடம் கேட்டால், "இங்கிருந்து போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு, லாரிக்காரங்களைக் கேளுங்க" என்கிறார். லாரி அலுவலகத்தில், பேக்கிங் சரியில்லை என்றும் எல்.ஆர். சீட்டில் (லாரி ரசீதில்) 'ஓனர் ரிஸ்க்', அதாவது சேதத்துக்குச் சரக்கின் உரிமையாளரே பொறுப்பு என்று போட்டிருக்கிறது என்றும் கையை விரிக்கிறார்கள். இணையதளத்தாரோ, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பதோடு தங்கள் வேலை முடிந்தது என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். இப்போது விற்றவர் என் அழைப்பை எடுப்பதே இல்லை. 2,85,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்க ஒருவர்கூட இல்லை!

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கால் துளைகள் வழியாகப் பேலட்டின் அடிக்கட்டை வரை போல்ட் போட்ட படம் வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெல்ட்டை மேசையின் மேலோ கைப்பிடிச் சக்கரத்தின் மேலோ கட்டவிடாதீர்கள், அடி உடலோடு கட்டச் சொல்லுங்கள். வழியில் ஆகும் சேதத்துக்கான டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுங்கள். சேதம் இருந்தால் டெலிவரி சீட்டில் அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். 2007ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும். என் அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.