விடுதியா, வாடகை அறையா, வீட்டிலிருந்தே போய்வருவதா?

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து எங்கள் பள்ளி வளாகத்தில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்ற பேச்சுதான். கட்ஆஃப் 200-க்கு எவ்வளவு, கலந்தாய்வில் எந்தச் சுற்றில் பெயர் வரும் என்பதையெல்லாம் மாணவர்கள் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரிக்கு எங்கிருந்து போய்வரப் போகிறாய் என்று கேட்டால் மட்டும், "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று பதில் வருகிறது. எனக்கு இந்தப் பதில் ஒவ்வோர் ஆண்டும் கவலை தருகிறது. முதல் செமஸ்டரில் அரியர் வைத்துவிட்டு வந்து பார்க்கும் பழைய மாணவர்களிடம் விசாரித்தால், பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பஸ்ஸைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேசுகிறவர்கள்தான் அதிகம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வழிப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் வீட்டிலிருந்தே போகலாம். அதற்கு மேல் போனால் முதல் ஆண்டுக்கு விடுதி. வாடகை அறை இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்கட்டும்.

வீட்டிலிருந்து போய்வருவது

செலவு என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அரசு கலைக் கல்லூரி, அரசு பொறியியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை கிடைக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்தே கட்டணம் இல்லை. ரயில் பாதையை ஒட்டி வீடு இருந்தால் இன்னொரு சலுகையும் உண்டு. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரியில் படிக்கும் ஆண்களுக்கு அந்த டிக்கெட் பாதிக் கட்டணத்தில் கிடைக்கும். கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் தேடிவந்து கொடுப்பதில்லை.

பணத்தில் மிச்சமாவது நேரத்தில் போய்விடுகிறது என்பதைத்தான் பெற்றோர் கவனிப்பதில்லை. 40, 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்திலிருந்து போகும் பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். ஒன்பதரை மணி வகுப்புக்கு ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ்ஸுக்கு முந்தியது ஐந்தரைக்கு, பிந்தியது எட்டே காலுக்கு. அம்மா நாலரைக்கு எழுந்து உலை வைக்கிறார். டவுனில் இறங்கி இன்னொரு பஸ். படியில் தொங்காமல் போக முடிந்தால் அது நல்ல நாள். மாலை நான்கு மணிக்கு வகுப்பு விட்டால் வீடு வந்து சேர ஆறரை. கை கால் கழுவிச் சாப்பிட்டு ரெக்கார்டு நோட்டை விரிக்கும்போது கண் சொருகுகிறது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் ஐந்து நாளில் 20 மணி நேரம் சாலையில் கழிகிறது. அரசு கலைக் கல்லூரியின் ஒரு வார வகுப்பு நேரமே 30 மணிதான்.

தனியார் பொறியியல் கல்லூரிப் பேருந்து இந்த அலைச்சலைக் குறைக்கிறது, உட்கார இடமும் கிடைக்கிறது. ஆனால் அது மாலையில் குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடும். நூலகம், விளையாட்டுப் பயிற்சி, சந்தேகம் கேட்கப் பேராசிரியர் அறைக்குப் போவது, தமிழ் மன்றம் எல்லாம் பஸ் கிளம்பிய பிறகுதான் சூடுபிடிக்கும். நான்கு ஆண்டும் கல்லூரிப் பேருந்தில் போய்வந்த மாணவன் வகுப்பறையை முழுதாகப் பார்த்திருப்பான், கல்லூரியைப் பாதிதான் பார்த்திருப்பான்.

மாணவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பெண்பிள்ளை, வீட்டிலிருந்தே போய்வரட்டும்" என்று முடிவெடுக்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறரைக்கு வீடு திரும்பும் அண்ணன் செல்போனோடு உட்காருகிறான், தங்கை பாத்திரம் கழுவப் போகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு பயணம், ஒரே அளவு பாடம். மகளை வீட்டிலிருந்து படிக்கவைப்பது என்று தீர்மானித்தால், செமஸ்டர் முடியும்வரை மாலை வேலையிலிருந்து அவளுக்கு விடுதலை கொடுங்கள். அது முடியாது என்றால் விடுதியில் விடுங்கள். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

விடுதி

விடுதி என்றதும் எல்லோரும் கல்லூரி விடுதியை மட்டும் நினைத்துக் கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள். அரசின் நலத்துறை விடுதிகள் பேச்சில்கூட வருவதில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான இந்த விடுதிகளுக்கு 2025-இல் 'சமூகநீதி விடுதிகள்' என்று பொதுப் பெயர் வைத்தார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பெற்றோர் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்றால் வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர நிபந்தனை கிடையாது. விண்ணப்பிக்கும்போதே சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டும் என்பதில்லை, சேரும்போது கொடுத்தால் போதும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்திலோ நேரடியாக விடுதிக் காப்பாளரிடமோ கேட்கலாம். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். எனவே கல்லூரியில் இடம் கிடைத்த வாரமே போய்விடுங்கள். எல்லா விடுதியும் ஒரே தரத்தில் இல்லை. கழிப்பறையையும் குடிநீரையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும். அப்படியிருந்தும் கூலிவேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2021-இல் வந்த ஏற்பாடு இது. இந்த ஒதுக்கீட்டில் இடம் வாங்கிய பிறகும், விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நினைத்துத் தினமும் பஸ் ஏறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி விடுதியில் மெஸ் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். சில இடங்களில் ஆண்டுக்கு ஒரே தொகை. வேறு பல இடங்களில், முக்கியமாக அரசுக் கல்லூரிகளில், டிவைடிங் முறை. மாதம் முழுக்க அரிசி, காய்கறி, எரிவாயு, சமையலாள் சம்பளம் என்று ஆன செலவை மாணவர்கள் சாப்பிட்ட நாட்களால் வகுத்து ஒரு நாள் செலவைக் கண்டுபிடித்து, அவரவர் இருந்த நாட்களுக்கு வசூலிப்பார்கள். ஊருக்குப் போகும்போது முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான் அந்த நாட்கள் கழிக்கப்படும். பொங்கல் விடுமுறைக்குச் சொல்லாமல் கிளம்பிவிட்டு, சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பணம் கட்டும் முதலாண்டு மாணவர்கள் எல்லா விடுதியிலும் உண்டு.

விடுதியின் உண்மையான லாபம் இரவு ஒன்பது மணிக்கு மேல் தெரியும். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல்முறையாக ஆங்கிலத்தில் கணிதமும் இயற்பியலும் கேட்கும் பிள்ளைக்கு, வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்க வாய் வராது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனிடம் கேட்க வெட்கம் இல்லை. அவனுக்கும் தெரியாவிட்டால் எதிர் அறை அண்ணனிடம் போகலாம். பழைய வினாத்தாளும் அங்கேதான் கிடைக்கும்.

ராகிங் பயம் இன்னும் பெற்றோர் மனதில் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதன் பிறகுதான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இப்போது 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அதைப் பிள்ளையின் போனில் சேமித்துக் கொடுத்து, அழைத்தால் நாங்கள் கோபப்பட மாட்டோம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

மாணவர் விடுதிக்கு ஒன்பது மணி, மாணவியர் விடுதிக்கு ஆறரை என்று கதவடைக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் தொடர்கிறது. மாலையில் ஆய்வகமும் நூலகமும் தேவைப்படும் மாணவிக்கு இது அநியாயம். சேரும் முன் இந்த நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

வாடகை அறை

சுதந்திரம், பிடித்த சாப்பாடு, நண்பர்கள் என்று சொல்லி நான்கு பேர் சேர்ந்து அறை எடுப்பார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் கல்லூரி விடுதியைவிடச் சில இடங்களில் மலிவாகவும் வரும். ஆனால் அட்வான்ஸ், மின்கட்டணம், தண்ணீர் கேன், எரிவாயு எல்லாம் பிறகுதான் தலைகாட்டும். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் போடாத மாணவனிடம் அதற்கு மேலும் கேட்கத்தான் செய்கிறார்கள். மாணவிகள் தனியார் விடுதியில் சேர்வதானால், பெண்கள் விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்கிய உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். காட்ட மறுத்தால் அங்கே சேர வேண்டாம்.

நான் முதல் ஆண்டில் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஒன்றுதான். விடுதியில் ஒரு பிள்ளை இரண்டு வேளை மெஸ்ஸுக்கு வரவில்லை என்றால் யாராவது கவனிப்பார்கள். அறையில் காய்ச்சலோடு மூன்று நாள் படுத்திருந்தாலும் தெரியாது. காலை வகுப்புக்கு எழுப்பவும் ஆளில்லை. தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகைப்பதிவு கைவிட்டுப் போவது இப்படித்தான். ஓராண்டு விடுதியில் இருந்தபின், யாரோடு ஒத்துப்போகும் என்பது தெரிந்திருக்கும். அப்போது அறை எடுப்பதில் தவறில்லை.

எது என்று முடிவானாலும் கல்லூரி திறக்கும்வரை உள்ள விடுமுறையில் துணி துவைக்கவும் சோறு, ரசம், முட்டை செய்யவும் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். அவர்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. பட்டியலில் வைக்க நினைக்கும் முதல் மூன்று கல்லூரிகளுக்கும் வேலை நாள் ஒன்றில், காலை வகுப்பு நேரத்துக்குள் போய்ச் சேரும்படி வீட்டிலிருந்து பஸ்ஸில் கிளம்பிப் போய்வாருங்கள். அங்கேயே விடுதியையும் மெஸ்ஸையும் பார்த்துவிடலாம். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள் என்று கல்லூரிப் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு வரிசையை முடிவுசெய்யுங்கள்.