432 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஈர அட்டை வாசம்

தீபாவளிக்கு கிராஃப்ட் பீர் (சிறிய ஆலைகளில் காய்ச்சும் பீர்) வாங்கலாம் என்று நினைத்திருக்கும் சுங்கை சிப்புட் நண்பர்களும் சுற்றுவட்டாரத் தோட்டத்து நண்பர்களும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பணம் போன வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை.

அக்காள் மகன் சிங்கப்பூரில் ஒரு சிறிய பீர் ஆலையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். அவன் வரும்போது வழக்கமான காப்பிக்கடை பீரையே நீட்டக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. கடைக்காரப் பையன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான்: சிட்ரா என்ற ஹாப்ஸ் பூ வகை போட்ட, ஹாப்ஸ் தூக்கலான இந்தியா பேல் ஏல் பீர் 18 டின், பண்டான் இலையும் குலா மலாக்கா வெல்லமும் சேர்த்த பீர் 6 போத்தல். "நேற்றுதான் இறங்கிய சரக்கு அண்ணே, ரொக்கமாகக் கொடுத்தால் ஒன்று 18 ரிங்கிட்" என்று எழுதியிருந்தான். ரொக்கம் என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தபோதாவது உறைத்திருக்க வேண்டும். போத்தல்கள் முன்புறக் கண்ணாடி அலமாரியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அழகாக இருக்கிறதே என்று ரசித்தேன்!

வீட்டில் முதல் டின்னைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினோம். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது பழைய தேத்தண்ணீர் நிறத்தில் இறங்கியது. மருமகன் குடிக்கவில்லை, முகர்ந்தான். "மாமா, மழையில் நனைந்த அட்டைப்பெட்டியை மோந்து பார்த்திருக்கிறீர்களா?" என்றான். அதே வாசம்தான். வாயில் வைத்தால் வெறும் கசப்பு.

அவன் சொன்ன விளக்கம் இது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. அதற்குள் இருக்கும் மஞ்சள் பொடியில்தான் எல்லாம் இருக்கிறது. கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். கடைசியிலோ, நொதித்த பிறகோ போட்டால் மணம் இறங்கும். சிட்ராவில் பம்ப்ளிமாஸ், லைச்சி போன்ற பழ மணம் தூக்கலாக இருக்குமாம். அந்த மணம் எண்ணெயில் இருக்கிறது. சூடும் காற்றும் நாட்களும் அதைத் தின்றுவிடும். கசப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆகவே கெட்டுப்போன ஹாப்ஸ் பீரில் மணம் இருக்காது, கசப்பு மட்டும் இருக்கும்.

பண்டான் போத்தல் அதைவிட மோசம். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் ரப்பர் ஒட்டுப்பால் எரிந்த நாற்றம். ஹாப்ஸின் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உருவாகுமாம். பழுப்புப் போத்தல் ஓரளவு தடுக்கும். வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கா அந்த நாற்றம் தெரியாது?

டின்னின் அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கீழே அச்சடித்திருந்த காலாவதித் தேதி கடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். பையன் அசரவில்லை. "பரிசோதனைச் சுவை அண்ணே, அப்படித்தான் இருக்கும். கள்ளுக் குடித்துப் பழகிய நாக்குக்கு ஹாப்ஸ் பிடிபடாது" என்றான். கூடவே இன்னும் ஆறு டின் இலவசமாகத் தருகிறேன் என்று அதே அடுக்கிலிருந்து எடுத்தான். கள்ளைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் இறக்கிய கள்ளைச் சாயங்காலம் கொடுத்தால் என் தாத்தா ஒரு முறை முகர்ந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பழையது எது, புதியது எது என்று தோட்டத்து மூக்குக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, தம்பி.

பண்டான் போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுத்தான் காய்ச்சுகிறார்கள். புதுச் சுவை என்று சொல்லிவிட்டால் கெட்டுப்போனதைக்கூட விற்றுவிடலாம் என்கிற துணிச்சல்தான் எனக்கு எரிகிறது. டின்னைத் தலைகீழாகப் பிடித்துத் தேதியைப் பாருங்கள், மேலே சீட்டு ஒட்டியிருந்தால் அங்கேயே உரியுங்கள். குளிர்பெட்டியில் இல்லாத ஹாப்ஸ் பீரைத் தொடாதீர்கள். ரசீது இல்லை என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

நான் ரசீது வாங்கவில்லை. ஆனால் "நேற்றுதான் இறங்கிய சரக்கு" என்று அவன் எழுதியது என் கைப்பேசியில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை உரிமை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட். மற்ற டின்களை அக்காள் வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டாள். சீட்டு உரிக்காத மூன்றை மட்டும் சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனுக் கொடுக்க ஈப்போவுக்குப் போகிறேன்.