ஹவானாவா, சீனாவா, சென்னையா: நுரையீரல் புற்றுநோய் இம்யூனோதெரபிக்காக நாடு கடக்கும் முன் ஒப்பிட வேண்டியவை

இம்யூனோதெரபி என்பது புற்றுநோயைத் தாக்க உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலையே தூண்டும் சிகிச்சை. நுரையீரல் புற்றுநோய்க்கு இவ்வகையில் கொடுக்கப்படும், அமெரிக்காவில் கீட்ரூடா என்ற வணிகப் பெயரில் விற்கப்படும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் ஒரு தவணை, அதாவது 200 மில்லிகிராம், பட்டியல் விலைப்படி 11,000 டாலருக்கு மேல் ஆகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தவணை என அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள், 35 தவணைகள் வரை கொடுக்கப்படும் இந்த மருந்துக்கு மட்டும் ஏறத்தாழ நான்கு லட்சம் டாலர் வேண்டியிருக்கிறது. காப்பீடு இல்லாதவருக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. கூடுதல் காப்பீடு எடுக்காமல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை மட்டும் நம்பியிருக்கும் முதியவருக்கு, அவர் பங்காக வரும் 20 சதவீதமே சேமிப்பைக் கரைத்துவிடும். இலங்கை போன்ற நாடுகளில் அரசு மருத்துவமனையின் இலவசச் சிகிச்சை பெரும் துணையாக இருந்தாலும், இவ்வளவு விலையுள்ள மருந்துகள் என்று வரும்போது குடும்பமே வழி தேட வேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகிறது. அப்படித் தேடத் தொடங்குபவர்கள் முன் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கின்றன: கியூபா, சீனா, இந்தியா.

இம்மூன்றையும் ஒரே பொருளை மூன்று விலைகளுக்கு விற்கும் கடைகளைப் போல அடுக்கிப் பார்ப்பதுதான் முதல் தவறு. மூன்று இடங்களிலும் கிடைப்பவை ஒரே மருந்து அல்ல, அவற்றின் பின்னால் உள்ள சான்றுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை மாதங்கள், பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே பயணச்சீட்டின் விலையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

அதற்கும் முன்பாக, பயாப்சியில் எடுத்த திசுவில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்களும், நோயெதிர்ப்புச் செல்களின் தாக்குதலைத் தடுக்கும் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவும் பார்க்கப்பட்டுவிட்டனவா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுநோய் உள்ள கிழக்காசியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும், இந்தியரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடமும் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் காணப்படுகிறது. புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது இன்னும் அதிகம். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இம்யூனோதெரபி தனியாகப் பெரிதாக உதவுவதில்லை. அவர்களுக்கு உரியவை ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள். இவற்றில் ஜெஃபிடினிபின் பொதுப்பெயர் மருந்து இந்தியாவில் மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. அவசரப்பட்டு முதலில் இம்யூனோதெரபியை ஏற்றிக்கொண்டு, பிறகு மரபணு மாற்றம் தெரியவந்து ஓசிமெர்டினிபுக்கு மாறினால், நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் வாய்ப்பும் கூடுகிறது. அறிக்கைக்காகக் காத்திருக்கும் இரண்டு மூன்று வாரங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பதை அறிவேன். இருந்தாலும் அந்த அறிக்கை கையில் இல்லாமல் எந்த நாட்டுக்கும் கிளம்ப வேண்டாம் என்றே சொல்வேன்.

கியூபாவைப் பற்றிய செய்தி, 'நுரையீரல் புற்றுநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற வடிவில் கைபேசிகளில் அடிக்கடி சுற்றி வருகிறது. ஹவானாவில் உள்ள மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையம் உருவாக்கிய சிமாவாக்ஸ்-ஈஜிஎஃப் உண்மையான மருந்து. நேர்மையாக ஆராயப்பட்ட மருந்தும்கூட. ஆனால் இது நோய் வராமல் தடுக்கும் ஊசி அல்ல. புற்றுநோய்ச் செல்கள் வளர்வதற்குப் பயன்படுத்தும் ஒரு வளர்ச்சிக் காரணிக்கு எதிராக உடலையே எதிர்ப்பொருள் உருவாக்கச் செய்வது இதன் வழி. கைகளிலும் பிட்டத்திலுமாக நான்கு இடங்களில், முதல் சில தவணைகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் பிறகு மாதம் ஒரு முறையும் போடுகிறார்கள். கீமோ முடித்த 405 நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வில், இந்த ஊசியைப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் உயிருடன் இருந்த காலம்) மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று மாதங்கள் கூடியிருந்தது. பக்கவிளைவுகள் குறைவு, விலையும் குறைவு.

பெம்ப்ரோலிசுமாப் இன்னொரு வகையைச் சேர்ந்தது. பிடி-எல்1 அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த 305 பேரிடம் நடந்த கீநோட்-024 ஆய்வில், இந்த மருந்தில் தொடங்கியவர்களில் 31.9 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்கள்; கீமோவில் தொடங்கியவர்களில் அது 16.3 சதவீதம். இரண்டு ஆய்வுகளின் நோயாளிகளும் வேறுபட்டவர்கள் என்பதால் எண்ணோடு எண்ணை நேருக்கு நேர் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் பிடி-எல்1 அளவு அதிகமாக உள்ள ஒருவர், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பெம்ப்ரோலிசுமாபுக்குப் பதிலாகச் சிமாவாக்ஸை எடுப்பது சரியான மாற்று அல்ல என்று சொல்ல இந்த அளவே போதுமானது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு: அந்நாட்டுச் சட்டம் கியூபாப் பயணத்துக்கு அனுமதிக்கும் 12 காரணங்களில் சிகிச்சை பெறுவது இடம்பெறவில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் மையம், கியூப மையத்துடன் 2015-இல் உடன்பாடு செய்துகொண்டு இதே ஊசியை, பெம்ப்ரோலிசுமாப் வகையைச் சேர்ந்த நிவோலுமாபுடன் சேர்த்து ஆராயத் தொடங்கியது. சேர்த்து என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவியல் அந்த ஊசிக்குத் தேடும் இடம், புதிய மருந்துகளுக்குத் துணையாக நிற்பதில் இருக்கிறது.

சீனாவின் நிலை முற்றிலும் வேறு. நோயெதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும் பிடி-1 பாதையை, பெம்ப்ரோலிசுமாபைப் போலவே தடுக்கும் சின்டிலிமாப், டோரிபலிமாப், கேம்ரெலிசுமாப், டிஸ்லெலிசுமாப் ஆகியவை 2018 இறுதியிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் அடுத்தடுத்து அங்கே ஒப்புதல் பெற்றன. 2019-இல் தேசியக் காப்பீட்டுப் பட்டியலில் சேர்வதற்காக, 100 மில்லிகிராம் சின்டிலிமாபின் விலை 7,838 யுவானிலிருந்து 2,843 யுவானாக இறங்கியது. அடுத்து வந்த பேச்சுவார்த்தைகளில் இவ்வகை மருந்துகளின் விலை மேலும் சரிந்தது. மருந்துக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் உலகில் இதற்கு இணையாக மலிவான இடத்தைக் காட்டுவது கடினம். சான்றுகளும் வலுவானவை, கீமோவுடன் சின்டிலிமாபைச் சேர்த்த ஓரியன்ட்-11 போன்ற மூன்றாம் கட்ட ஆய்வுகள் தெளிவான பலனைக் காட்டியிருக்கின்றன. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு, சின்டிலிமாபுக்கு மேலும் ஆய்வு தேவை என்று 14-க்கு 1 என வாக்களித்தது. ஆய்வு முழுவதும் ஒரே நாட்டில் நடந்தது என்பதும், ஒப்பிட்ட சிகிச்சை அமெரிக்காவின் அன்றைய நடைமுறையோடு பொருந்தவில்லை என்பதும் அதற்குக் காரணங்களே தவிர, மருந்து வேலை செய்யவில்லை என்பது அல்ல.

அப்படியானால் சீனாவுக்கே போய்விடலாமா? மொழி தெரியாத நோயாளி, மாதக்கணக்கில் தங்கி, காப்பீட்டுக்கு வெளியே நின்று, மருத்துவரிடம் தன் மூச்சுத்திணறலை மொழிபெயர்ப்பாளர் வழியாக விளக்க வேண்டியிருக்கும் என்பதே என் தயக்கம். அதைவிட முக்கியமாக, இம்மருந்துகளில் சில நம் பக்கத்துக்கே வந்துவிட்டன. டிஸ்லெலிசுமாபை கிளென்மார்க் நிறுவனம் நுரையீரல் புற்றுநோய்க்கும் சேர்த்து 2025-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே சீனாவின் பலனில் ஒரு பகுதியைச் சீனாவுக்குப் போகாமலே பெற முடிகிறது.

இந்தியாவைப் பொறுத்தவரை, சென்னை, வேலூர், மும்பை ஆகிய நகரங்களுக்கு வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நோயாளிகள் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்குச் சென்னை ஒரு மணி நேர விமானப் பயணம். மருத்துவரிடம் தமிழிலேயே பேசலாம். மின்னணு மருத்துவ விசா 60 நாட்களுக்குள் மூன்று முறை நுழைய அனுமதிக்கிறது, உடன் இருவர் வரலாம்; ஆண்டுக்கணக்கான சிகிச்சை என்றால் தூதரகம் வழியாக வழக்கமான மருத்துவ விசா எடுப்பதே வசதி. பன்னாட்டு நிறுவனங்களின் மருந்துகள் இங்கும் விலை கூடியவையே என்றாலும், குறிப்பிட்ட தவணைகளைப் பணம் கொடுத்து வாங்கினால் மீதியை இலவசமாகத் தரும் நோயாளி உதவித் திட்டங்கள் இருக்கின்றன. வெளிநாட்டவருக்கு அவை பொருந்துமா என்பதை முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

ஆனால் பெரிய சேமிப்பு நாட்டை மாற்றுவதில் மட்டும் இல்லை, மருந்தின் அளவிலும் இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் 2015-இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றபோது, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று உடல் எடைக்கேற்பவே கொடுக்கப்பட்டது. அனைவருக்கும் 200 மில்லிகிராம் என்பது பின்னர் வந்த ஏற்பாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற கீநோட்-010 ஆய்வில், கிலோவுக்கு 2 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் 10 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கனடாவின் பல மாகாணங்களும் நெதர்லாந்தும் எடைக்கேற்ற அளவையே பின்பற்றுகின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய் மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்ட பின்னோக்கு ஆய்வொன்றில் (பழைய சிகிச்சைப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வு), 100 மில்லிகிராம் பெற்ற நுரையீரல் புற்றுநோயாளிகளும் 200 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு இணையாகவே வாழ்ந்தார்கள். நம்மவர்களில் 50 கிலோ எடையுள்ள நோயாளிகள் ஏராளம். அவர்களுக்கு எடைக்கணக்கில் 100 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு குப்பி போதும், செலவு பாதியாகிறது. 70 கிலோ உள்ளவருக்கு 140 மில்லிகிராம் என்றால், இரண்டாவது குப்பியில் மிஞ்சுவது வீணாகாதபடி ஒரே நாளில் சிலருக்குச் சேர்த்து மருந்து ஏற்றும் மருத்துவமனையைத் தேட வேண்டும். இந்தக் கேள்வியைத் தயக்கமில்லாமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சொந்த ஊரிலேயே இதற்கு இசைவு கிடைத்தால் நாடு கடக்கும் தேவையே இல்லாமல் போகலாம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை வாய்வழிக் கீமோ மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. ஏழை நாடுகளின் புற்றுநோய் மருத்துவத்தில் இது ஒரு திருப்பம் என்றே கருதுகிறேன். ஆனால் அது தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு. அதைக் காட்டி நுரையீரல் புற்றுநோய்க்கும் 20 மில்லிகிராம் போதும் என்று யாராவது உறுதி கூறினால், அதற்கான சான்றைக் கேட்க வேண்டும்.

மலிவு விலைக்கு ஆசைப்பட்டு வெளிச்சந்தையில் மருந்து வாங்குவதன் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் தில்லி காவல்துறை பிடித்த ஒரு கும்பல், கீட்ரூடா, ஆப்டைட்டா (நிவோலுமாபின் இந்திய வணிகப் பெயர்) போன்ற மருந்துகளின் காலிக் குப்பிகளில் பூஞ்சைக்கொல்லி மருந்தை நிரப்பி விற்றுவந்தது. மருத்துவமனைகளில் பணியாற்றியவர்களும் அதில் கைதானார்கள். மருந்தை மருத்துவமனையின் சொந்த மருந்தகத்தில் ரசீதுடன் வாங்குங்கள். குப்பியின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், முத்திரையை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள், காலியான குப்பியை உருக்குலைத்துவிடச் சொல்லுங்கள். ஊருக்கு எடுத்துச் சென்று ஏற்றிக்கொள்வதானால், 2 முதல் 8 டிகிரி வரையான குளிரில், உறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதையும், அதை ஏற்ற ஊர் மருத்துவமனை சம்மதிக்குமா என்பதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி யாருக்கு எது என்பதில் என் கருத்தைச் சொல்கிறேன். பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு அரசுச் சேவையிலேயே இம்மருந்து கிடைக்கிறது. சற்றுத் தாமதமானாலும் அங்கேயே இருப்பது மேல். அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவர், முதலில் மருந்து நிறுவனத்தின் இலவச உதவித் திட்டத்துக்கும் மருத்துவமனையின் நிதியுதவிக்கும் விண்ணப்பித்துவிட்டு, அவை மறுக்கப்பட்டால் இந்தியாவை எண்ணலாம், ஹவானாவை அல்ல. இலங்கையில் இருப்பவருக்குச் சென்னையே பொருத்தம். ஆனால் 35 தவணைகளுக்கும் சென்னைக்கு வந்து போவதாக அல்லாமல், பரிசோதனை, சிகிச்சைத் திட்டம், முதல் சில தவணைகள் ஆகியவற்றை இங்கே முடித்துக்கொண்டு, மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ உள்ள புற்றுநோய் மருத்துவமனையின் தம் மருத்துவரோடு பேசி அங்கே தொடர்வதாக. படுக்கையிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் அளவுக்குத் தளர்ந்துவிட்டவரை, ஆக்சிஜன் துணையோடு விமானத்தில் ஏற்றுவதை எந்த விலைக்குறைப்பும் நியாயப்படுத்தாது.

சொந்த ஊர் மருத்துவர் ஒருவர் இதில் கட்டாயம் உடனிருக்க வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம், இம்யூனோதெரபியின் பக்கவிளைவுகள் கீமோவைப் போல நாள் குறித்து வருவதில்லை. நுரையீரல் அழற்சி, குடல் அழற்சி, கல்லீரல் பாதிப்பு, தைராய்டுக் கோளாறு, அரிதாக இதயத்தசை அழற்சி ஆகியவை, கடைசித் தவணை முடிந்து மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். அப்போது தேவைப்படுவது பெரும்பாலும் உரிய நேரத்தில் தொடங்கும் ஸ்டீராய்டு. அதன் விலை மிகக் குறைவு. ஆனால் இரவில் இருமலோடும் மூச்சிரைப்போடும் உள்ளூர் மருத்துவமனைக்குப் போகும் நோயாளியை, இன்ன மருந்து, இன்ன அளவு, கடைசியாக இன்ன தேதி என்று எழுதிய தாள் கையில் இல்லாவிட்டால், பணியில் இருக்கும் மருத்துவர் நிமோனியா என்று கருதி ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். அந்தத் தாளை ஆங்கிலத்திலும் நோயாளியின் மொழியிலும் எழுதி, சிகிச்சை அளித்த மருத்துவரின் தொலைபேசி எண்ணுடன் தராத எந்த மருத்துவமனையிலிருந்தும் புறப்பட வேண்டாம்.