வெண்ணெயை எடுத்துவிட்டு எதை வைப்பது?

வெண்ணெய், நெய் போன்றவற்றில் அதிகமுள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, குறைத்த இடத்தில் எதைச் சாப்பிடுவது? இதயத்துக்கு நன்மை கிடைக்குமா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வெண்ணெயின் எடையில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்திலிருந்து, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும் கல்லீரல் ஏற்பிகளின் வேலையை அது மந்தமாக்குகிறது. வெளியேற வேண்டிய எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றி, ஆண்டுக்கணக்கில் தமனிச் சுவரில் படிகிறது. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிலேயே 7 கிராம் வந்துவிடும்.

அந்த இடத்துக்குச் சூரியகாந்தி, சோயா எண்ணெய், வால்நட் போன்றவை வந்தால் பலன் அதிகம். இவற்றில் இருப்பது பெரும்பாலும் பல்நிறைவுறாக் கொழுப்பு, அதாவது அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு. இப்படி மாற்றிப் பார்த்த சோதனைகளில் இதய, ரத்தநாள நோய்கள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாக அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் சொன்னது. ஆலிவ் எண்ணெயும் நல்ல மாற்றுதான்.

வெள்ளை ரொட்டியும் இனிப்பு பிஸ்கட்டும் வந்தால்? எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும். ஆனால் ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். குறையும். மொத்தத்தில் இதய நோய் அபாயம் அப்படியே இருக்கும். ஆசையை அடக்கி வெண்ணெயை விட்டவருக்கு ஒரு பயனும் இல்லாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பகுதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்த, அதாவது ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிய எண்ணெயோ வெண்ணெயைவிட மோசம்: அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி, எச்.டி.எல்.லை இறக்கும்.

“வெண்ணெய்மேல் குற்றமே இல்லை” என்ற செய்திகள் அவ்வப்போது வருவதற்கும் காரணம் இதுதான். அவற்றுக்கு ஆதாரமான பல ஆய்வுகளில் நிறைவுற்ற கொழுப்பைக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் பதிலுக்கு எதைச் சாப்பிட்டார்கள் என்று பிரித்துப் பார்க்கவில்லை. மாவும் சர்க்கரையும் சாப்பிட்டவரோடு ஒப்பிட்டால் வெண்ணெய் சாப்பிட்டவர் மோசமாகத் தெரியமாட்டார். அதே சமயம், பலனைப் பெரிதுபடுத்தவும் கூடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 அலசலில், நிறைவுற்ற கொழுப்பை இரண்டு ஆண்டுகளாவது குறைத்தவர்களுக்கு இதய, ரத்தநாளப் பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தன. மொத்த இறப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த முறை “கொழுப்பு குறைவு” என்று அச்சிட்ட பொட்டலத்தை எடுத்தால், அப்படியே திருப்பிச் சர்க்கரை எத்தனை கிராம் என்றும் பாருங்கள்.