முதல் லூப்புக்கு ரப்பர் ட்யூபா, ஹார்ட் ட்யூபா?

கணினி கேபினெட்டின் கண்ணாடிக்குப் பின்னால் நேர்கோடாக ஓடி, சரியாக 90 டிகிரியில் திரும்பும் ஹார்ட் ட்யூபை, அதாவது விறைப்பான பிளாஸ்டிக் குழாயைப் பார்த்துத்தான் பலருக்கும் வாட்டர் கூலிங் ஆசையே வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனாலும் முதல் லூப்பை, அதாவது தண்ணீர் சுற்றி வரும் பாதையை, கையால் வளையும் ரப்பர் ட்யூபில்தான் போட்டேன். இன்று யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் குளிர்ச்சியைப் பார்த்துவிடுவோம். இதில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டர், ட்யூப் தண்ணீரைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் கிராபிக்ஸ் கார்டு 300 வாட் சூட்டைக் கொட்டினாலும், அதைத் தாண்டும்போது தண்ணீரில் ஏறுவது சுமார் 1 டிகிரிதான். அதனால் பிராசசர் முதலா, கார்டு முதலா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். ட்யூப் மடங்காமல் எப்படிப் போகிறதோ அதுவே நல்ல வரிசை. ஒன்று மட்டும் முக்கியம்: ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) பம்புக்கு முன்னால், அதைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் தண்ணீரில்லாமல் ஓடினால் கெட்டுப்போகும்.

அப்புறம் நம் ஊர் வெயில். மே மாதத்தில் ஏசி இல்லாத அறை மதியம் 36 டிகிரியில் நிற்கும். அறையைவிடத் தண்ணீர் குளிர்ந்து இருக்க வழியே இல்லை. விளையாட்டு ஓடும்போது அதற்கு மேல் 10, 15 டிகிரி ஏறினால் தண்ணீர் 50 டிகிரியைத் தொடுகிறது. ஹார்ட் ட்யூபில் அதிகம் விற்பது பிஇடிஜி என்ற பிளாஸ்டிக். அதைப் பொதுவாக 60 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதைத் தாண்டினால் ஃபிட்டிங் (ட்யூபை இணைக்கும் மூட்டு) பிடிக்கும் இடத்தில் இளகி, பிடி தளர ஆரம்பிக்கும். குளிர் நாட்டில் இது பெரிய விஷயம் இல்லை. இங்கே கோடையில் ஒரு ஃபேன் நின்றுபோனால்கூட மிச்சம் இருக்கும் அந்த 10 டிகிரி போய்விடும். அக்ரிலிக் இன்னும் அதிகச் சூடு தாங்கும், ஆனால் அறுக்கும்போது விரிசல் விடும். ஹார்ட் ட்யூப்தான் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால், பொறுமையைக் கூட்டிக்கொண்டு அக்ரிலிக் வாங்குங்கள்.

வளையும் ட்யூபிலும் எல்லாம் ஒன்று அல்ல. கண்ணாடி போலத் தெரியும் பிவிசி ட்யூப் மலிவு. ஆனால் அதை வளைய வைக்கக் கலந்திருக்கும் பொருள் மெல்லக் கசிந்து, சில மாதங்களில் ட்யூப் பால் போல மங்கிவிடும். கசிந்தது வாட்டர் பிளாக்கின் (பிராசசர், கார்டு மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) மெல்லிய செதில்களுக்கு நடுவே பசை மாதிரி படியும். கறுப்பு நிற இபிடிஎம் ரப்பரில் இந்தத் தொல்லை இல்லை. உள்விட்டம் 10 மி.மீ, வெளிவிட்டம் 16 மி.மீ அளவில் எடுங்கள். சுவர் 3 மி.மீ கனம் என்பதால் வளைவில் ஒடுங்காது. 10க்கு 13 மலிவுதான், திருப்பத்தில் மடங்கிக்கொள்ளும்.

கைவேலையில்தான் இரண்டும் எங்கேயோ போய்விடுகின்றன. ரப்பர் ட்யூபை நேராக வெட்டி, ஃபிட்டிங்கின் மூக்கில் கடைசி வரை திருகித் தள்ளி, வளையத்தை இறுக்கினால் முடிந்தது. நீளம் ஒரு விரல் கூடினாலும் ட்யூப் கொஞ்சம் வளைந்து அதைச் சரிக்கட்டிவிடும். ஹார்ட் ட்யூபில் உள்ளே சிலிகோன் கயிற்றை நுழைத்து, ஹீட் கன்னில் சுற்றிச் சுற்றிக் காட்டி, கொழகொழவென ஆனதும் வளைத்து, ஆறும் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். 2 மி.மீ தவறினால் அந்தத் துண்டு வீண். அறுத்த விளிம்பை உள்ளேயும் வெளியேயும் மழித்து வழவழப்பாக்குவது அதைவிட முக்கியம். நண்பர் ஒருவரின் கணினியைத் திறந்து பார்த்தபோது, மழிக்காத விளிம்பு ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பிறைநிலா அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டிருந்தது. அந்த வழியாகச் சொட்டிய தண்ணீர் அவருடைய கார்டின் மேலேயே தேங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு, முதல் தடவையே இந்த ரிஸ்க்கை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து ரேம் மாற்றவோ தூசி தட்டவோ திறப்பீர்கள். ரப்பர் என்றால் பிளாக்கை ட்யூபோடு ஓரமாக நகர்த்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஹார்ட் ட்யூப் என்றால் பெரும்பாலும் தண்ணீரை வடித்தாக வேண்டும். எது போட்டாலும் லூப்பின் தாழ்ந்த இடத்தில் ஒரு வால்வு வையுங்கள்.

பம்ப் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். டிடிசி, டி5 என்று இரண்டு வகை பம்ப் உண்டு. டிடிசி சிறியது, அழுத்தம் அதிகம், ஆனால் தானே நன்றாகச் சூடாகும். வேகத்தைக் குறைத்து அமைதியாக ஓட்டக்கூடிய டி5 போதும். ரேடியேட்டர் குத்துமதிப்பாக 100 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ ஃபேன் இடம், நம் வெயிலுக்கு மேலே ஒன்று. செம்புப் பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரை மட்டும் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும். கூலன்ட் நிறமில்லாததே நல்லது. பால் நிறத்தில் வரும் கூலன்ட் படத்துக்கு அழகு, நாளாக ஆக அதன் துகள்கள் அடியில் படியும். பேட்டரி தண்ணீரை மட்டும் ஊற்றி விட்டால் பாசி பிடிக்கும், அரிப்பும் வரும்.

தண்ணீர் நிரப்பும் நாளில் மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் போகக்கூடாது. அந்த வயர்களைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரின் பின்னையும் ஒரு கறுப்பு வயரின் பின்னையும் இணைத்தால் பம்ப் மட்டும் ஓடும். வயர் எல்லாம் கறுப்பாக இருந்தால் அதற்கென்றே விற்கும் ஜம்பர் பிளக்கை வாங்கிக்கொள்ளுங்கள். சில நொடி ஓட்டி, நிறுத்தி, ரிசர்வாயரை மறுபடி நிரப்பி ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழேயும் ஒரு டிஷ்யூ பேப்பர் விரித்து, ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.