ஃப்ளூவோசின்-3: செல்லுக்குள் ஸிங்க் பார்க்க இன்னும் இதையே வாங்கலாமா?

வாங்கலாம். உயிருள்ள செல்லில் ஸிங்க் (துத்தநாக) அயனியைப் பார்க்க எந்தச் சாயம் நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். 2002-இல் வந்த பழைய சரக்கு, அதற்கப்புறம் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் இதன் வடிவமைப்பில் இருக்கும் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஸிங்க் தானாகத் தலைகாட்டாத அயனி. டி-ஆர்பிட்டல் (எலெக்ட்ரான்கள் இருக்கும் ஒரு வகை அறை) பத்து எலெக்ட்ரானோடு நிரம்பியிருப்பதால் நிறமும் இல்லை, காந்தத் தன்மையும் இல்லை. அதனால் அதைப் பிடித்து, பிடித்த கையோடு ஒளிர்ந்து சொல்ல ஒரு மூலக்கூறு வேண்டும். சிக்கல் என்னவென்றால், செல்லுக்கு வெளியே கால்சியமும் உள்ளே மக்னீசியமும் மில்லிமோலார் அளவில் கிடக்கின்றன. எதனோடும் கட்டுப்படாமல் திரியும் ஸிங்க்கோ சாதாரணமாக நானோமோலாருக்கும் கீழே, அதாவது அவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாயம் அவற்றை விட்டுவிட்டு ஸிங்க்கை மட்டும் பிடிக்க வேண்டும்.

ஃப்ளூவோசின்-3 இதை எப்படிச் சமாளிக்கிறது என்றால், கால்சியத்துக்கான ஃப்ளூவோ-4 சாயத்தில் அயனியை ஆக்சிஜனால் பிடிக்கும் நான்கு அசிட்டேட் கைகள் உண்டு, அதில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். சுற்றிலும் நிறைய ஆக்சிஜன் கேட்கும் கால்சியத்துக்குப் பிடி தளர்ந்துவிடுகிறது. நைட்ரஜனையும் விரும்பும், உருவத்தில் சிறிய ஸிங்க் அப்படியே உட்காருகிறது. ஸிங்க் இல்லாதபோது நைட்ரஜனின் தனி ஜோடி எலெக்ட்ரான் சாயத்துக்குத் தாவி ஒளியை அணைத்துவைக்கும், ஸிங்க் வந்து அந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டதும் சாயம் பளிச்சென்று எரியும். ஐம்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. தூண்டும் ஒளி 494, வெளிவருவது 516 நானோமீட்டர், எல்லா மைக்ரோஸ்கோப்பிலும் இருக்கும் பச்சை ஃபில்டரே போதும். 1987-இல் வந்த டிஎஸ்கியூ என்ற பழைய ஸிங்க் சாயத்துக்குப் புற ஊதா ஒளி வேண்டும், செல் அதைத் தாங்காது.

ஸிங்பைர்-1 என்ற இன்னொரு சாயம் இதைவிட இறுக்கமாகப் பிடிக்கும், கேடி (பாதிச் சாயம் நிரம்பத் தேவையான ஸிங்க் அளவு, குறைந்தால் பிடி இறுக்கம்) 0.7 நானோமோலார், ஃப்ளூவோசின்-3-க்கு 15. ஆனால் ஸிங்பைரின் நைட்ரஜன் செல்லின் பிஎச்சிலேயே புரோட்டானை ஏற்றுக்கொள்வதால் ஸிங்க் இல்லாமலே பாதி எரிகிறது (குவாண்டம் ஈல்டு, அதாவது உறிஞ்சிய ஒளியில் ஒளிர்ந்து வெளிவரும் பங்கு, 0.38, ஸிங்க் சேர்ந்தால் 0.87). இருட்டான பின்னணி வேண்டுமென்றால் எனக்கு ஃப்ளூவோசின்தான்.

சரி, குறைகள். கேட்மியம் வந்தாலும் ஒளிரும், ஒரே தொகுதித் தனிமம், தப்பிக்க வழியில்லை. நச்சு உலோக ஆய்வு செய்பவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். தாமிரம் சேர்ந்தால் ஒளி அணையும், அப்போது ஸிங்க் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். செல்லுக்குள் புகுவதற்காக மாற்றிய ஏஎம் எஸ்டர் வடிவம் சைட்டோசாலில் (செல்லின் உள்திரவத்தில்) சீராகப் பரவாமல் சிறு பைகளுக்குள் போய் ஒதுங்கிக்கொள்கிறது, உட்கருவை ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதெல்லாம் ஸிங்க் குவியல் என்று உடனே எழுதிவிடாதீர்கள். முக்கியமாக, இது ஒற்றை அலைநீளச் சாயம், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது அலைநீளம் கிடையாது. பளிச்சென்று தெரியும் செல்லில் ஸிங்க் அதிகமா, சாயம் அதிகமாகப் புகுந்ததா என்று படம் சொல்லாது.

அதனால் ஒவ்வொரு தட்டிலும் கடைசியில் பைரிதியோனோடு (ஸிங்க்கைச் செல்லுக்குள் ஏற்றிச்செல்லும் பொருள்) ஸிங்க் கொடுத்து உச்ச ஒளியையும், அப்புறம் ஸிங்க்கை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொள்ளும் டிபிஇஎன் ஊற்றி அடிமட்ட ஒளியையும் எடுத்தே ஆக வேண்டும். டிபிஇஎன் போட்டும் அணையாத வெளிச்சம் ஸிங்க் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத அழகான படங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், அத்தனை உழைப்பும் ஒரு சொட்டு டிபிஇஎன் இல்லாததால் நம்ப முடியாமல் போகிறது.

செல்லை வைக்கும் பஃபர் கரைசலையும் கவனியுங்கள். கண்ணாடி, ரப்பர் மூடி, கையுறை எல்லாவற்றிலிருந்தும் ஸிங்க் கசியும், 15 நானோமோலாரில் பிடிக்கும் சாயத்துக்கு அந்தக் கசிவே போதும். உலோக அயனிகளை உறிஞ்சும் செலெக்ஸ் ரெசினில் ஓடவிட்ட பஃபர், பிளாஸ்டிக் பாத்திரம், இரண்டும் கட்டாயம்.

ஒரே ஒரு இடத்தில் வாங்கவே வேண்டாம் என்பேன்: செல்லில் ஏற்கெனவே ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) இருந்தால். இரண்டும் ஒரே பச்சைச் சேனலில் மோதும், அங்கே சிவப்பில் ஒளிரும் சாயமாகப் பார்த்து எடுங்கள்.